உடையை வைத்து ஒருவரின் பாலினத்தைச் சொல்லிவிட முடியுமா?

முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், ஒட்ட வெட்டிய தலைமுடி. இதே கோலத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஆண்; பிறந்தபோதும் அப்படித்தான் பதிந்தார்கள், அவருக்கும் அதில் குழப்பம் எதுவும் இல்லை. இரண்டாமவர் பெண், பேன்ட் சட்டை அவருக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மூன்றாமவர் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்கிறவர். நான்காமவர் திருநங்கை. வீட்டிலும் சொல்லவில்லை, வேலை செய்யும் இடத்திலும் சொல்லவில்லை. காலையில் எழுந்து மனசில்லாமல் இதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு நான்கு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

ஆக, தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் சுலபம்: முடியாது. ஊகிக்கலாம், பல நேரம் ஊகம் சரியாகவும் இருக்கும். உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் இதோடு எழுந்துபோய்விட்டால் இன்னொரு கேள்வி பாக்கி நிற்கும். உடை எதையும் நிரூபிக்காது என்றால், பாலினம் பற்றிய சண்டைகள் எல்லாம் ஏன் சுற்றிச் சுற்றி உடையிலேயே வந்து நிற்கின்றன? நீதிமன்றம், மருத்துவமனை, அலுவலகம், பள்ளி, வீடு என்று எங்கே பார்த்தாலும் முதலில் வெடிக்கும் வாக்குவாதம் 'இது என்ன கோலம்' என்பதுதான். சம்பந்தப்பட்டவர்களும் உடையைச் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. ஒரு பாவாடைக்காக வேலையை இழக்கத் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் வழக்கைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒருவர் தன்னை ஆணாக, பெண்ணாக, இரண்டுமாக, இரண்டிலும் சேராதவராக உள்ளுக்குள் உணர்வது பாலின அடையாளம். உடை, முடி, நடை, பேச்சு வழியாக வெளியே தெரிவது பாலின வெளிப்பாடு. யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. கடைசியாகச் சொன்னதற்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. ஆனாலும் உடையைப் பார்த்ததும் பலர் தாவுகிற இடம் அதுதான் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஓர் ஆண் பாவாடை கட்டியிருக்கிறார் என்றதும் 'அப்போ அவருக்கு ஆண்களைத்தான் பிடிக்குமா?' என்று கேட்கிறவர், நடுவில் உள்ள எல்லாப் படிகளையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்.

அடையாளமும் வெளிப்பாடும் எங்கே பிரிகின்றன என்பதில் சட்ட ஆவணங்களே இழுபறியில்தான் இருந்திருக்கின்றன. மனித உரிமை வல்லுநர்கள் கூடி 2006-இல் உருவாக்கிய யோக்யகர்த்தா கோட்பாடுகள், பாலின அடையாளத்துக்கான விளக்கத்துக்குள்ளேயே உடையையும் பேச்சையும் பாவனைகளையும் சேர்த்தன. அர்ஜென்டினா 2012-இல் கொண்டுவந்த பாலின அடையாளச் சட்டமும் கிட்டத்தட்ட அதே விளக்கத்தை எடுத்துக்கொண்டது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு வேறு பக்கமாக வந்தது: தான் உணரும் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிக்காட்டுவது கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்றது. 2017-இல் யோக்யகர்த்தா கோட்பாடுகளை விரிவாக்கியபோது பாலின வெளிப்பாட்டுக்குத் தனியாகவே ஒரு விளக்கம் எழுதினார்கள். இந்தப் பிரிப்பு நல்லது என்பது என் எண்ணம். உடையை அடையாளத்துக்குள் வைத்துப் பூட்டினால், உடை மாறாதவருக்கு அடையாளமே இல்லை என்று யாராவது வாதாட இடம் கிடைத்துவிடும். அப்படி வாதாடியும் இருக்கிறார்கள்.

விதி மாறிக்கொண்டே இருக்கிறது

எந்த உடை யாருக்கு என்ற விதியை இயற்கை எழுதவில்லை என்பதைக் காட்ட ரொம்ப தூரம் போகவேண்டாம். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1884-ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது. இரண்டரை வயது, நீண்ட முடி, வெள்ளைப் பாவாடை. அந்தக் காலத்தில் அந்த வர்க்கத்துக் குழந்தைகள் ஆணோ பெண்ணோ அப்படித்தான் உடுத்தினார்கள்; படத்தைப் பார்த்து யாரும் பதறியிருக்க மாட்டார்கள். குழந்தை உடை வியாபாரிகளுக்கான ஓர் அமெரிக்க இதழ் 1918-இல் எழுதியது இன்னும் வேடிக்கை: இளஞ்சிவப்பு அழுத்தமான, உறுதியான நிறம், ஆகவே பையன்களுக்கு, நீலம் மென்மையானது, ஆகவே பெண் குழந்தைகளுக்கு. குதிகால் உயர்ந்த செருப்பு பாரசீகக் குதிரை வீரர்களிடமிருந்து ஐரோப்பிய ஆண்களுக்கு வந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலோடு ஓவியங்களில் கம்பீரமாக நிற்கிறார்.

பட்டு, சரிகை, பொய்முடி, முகப்பூச்சு எல்லாம் ஒரு காலத்தில் ஐரோப்பிய மேட்டுக்குடி ஆண்களுக்கும் உரியவை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் இவற்றையெல்லாம் உதறிவிட்டு இருண்ட நிறக் கோட்டுக்குள் போனார்கள். ஜான் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 1930-இல் இதற்கு 'ஆண்களின் மாபெரும் துறவு' என்று பேர் வைத்தார். அழகாக இருப்பதை ஆண்கள் விட்டுக்கொடுத்தார்கள், பயனுள்ளவர்களாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டினார்கள் என்பது அவர் வாதம். நாம் இன்று 'ஆண் உடை' என்று இயல்பாக நினைப்பதில் பெரும்பகுதி அந்தத் துறவின் மிச்சம்.

இங்கே ஒரு வாதம் தவறாமல் வரும். 'எல்லாம் மனிதர்கள் போட்ட விதிதானே, அப்புறம் அதற்கு எதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? துணி வெறும் துணி. எதையோ உடுத்திக்கொண்டு போகவேண்டியதுதானே?' ரூபாய் நோட்டும் வெறும் காகிதம்தான். அதன் மதிப்பும் மனிதர்கள் வைத்ததுதான். அதற்காக நோட்டு இல்லாமல் கடைக்குப் போக முடியாது. உடையும் அப்படித்தான் வேலை செய்கிறது. விதி செயற்கை என்றாலும் அந்த விதியைக் கொண்டுதான் எதிரில் வருகிறவர் நம்மைப் பார்த்த ஒரு நொடியில் 'அண்ணா' என்பதா 'அக்கா' என்பதா என்று தீர்மானிக்கிறார். திருநங்கை ஒருவர் தான் பெண் என்பதை ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உடை அந்த வேலையை அவருக்காகச் செய்துகொடுக்கிறது. பிறந்தபோது கொடுத்த பாலினத்தோடு பிணக்கு இல்லாதவர்களுக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அவர்கள் கவனிப்பதில்லை, அவ்வளவே.

துணியும் உடம்பும்

எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது ஒரு பாதி. யாருமே பார்க்காத அறையில், கண்ணாடி முன்னால் நடப்பது இன்னொரு பாதி. இதைப் பற்றிப் பேசும்போது பலர் அரூபமாகப் பேசிவிடுகிறார்கள், ஆனால் சிக்கல் தையலில்தான் இருக்கிறது.

ஹார்மோன் சிகிச்சை எதுவும் தொடங்காத ஒரு திருநம்பி ஆண்கள் பிரிவில் சட்டை எடுக்கிறார் என்று பாருங்கள். ஆண்கள் சட்டையில் தோள் அகலம்; இடுப்பிலிருந்து கீழே நேர்க்கோடு. தோளுக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் கடைசி இரண்டு பொத்தான்கள் இடுப்பில் இழுத்துக்கொண்டு நிற்கும், நடுவில் துணி வாய் திறக்கும். இடுப்புக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் தோள் தையல் கைக்கு நழுவி, சட்டையை யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் ஆகிவிடும். எந்த உடம்பை மறக்கவேண்டும் என்று அவர் இந்தச் சட்டையை எடுத்தாரோ, அதே உடம்பைச் சட்டை அளந்து காட்டுகிறது. திருநங்கைக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்: ரவிக்கையிலும் மேல்சட்டையிலும் தோள் பிடிக்கும், கை குட்டையாக இருக்கும், மார்புக்கு விட்ட துணி காலியாகத் தொங்கும். கடையில் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தாலும் ட்ரையல் ரூமிலிருந்து வெறுங்கையோடு வெளியே வரும் அந்த முகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். விவரம் தெரிந்த தையல்காரர் ஒருவர் கிடைப்பது இவர்களுக்குப் பெரிய வரம். பக்கத் தையலில் ஒரு பிரிப்பு வைத்து, தோளில் அரை அங்குலம் குறைத்தால் தீரக்கூடிய பிரச்சினை, அதைச் செய்துதர ஆள் இல்லாததால் வருஷக்கணக்கில் தீராமல் கிடக்கிறது.

இத்தனைக்கும் ஆண், பெண் என்று கடைகள் பிரித்து வைத்திருக்கும் வித்தியாசங்களில் பல, உடம்போடு சம்பந்தமே இல்லாதவை. பெண்கள் சட்டையில் பொத்தான்கள் இடப்பக்கம், ஆண்கள் சட்டையில் வலப்பக்கம். இன்றைக்கு இதற்கு ஒரு காரணமும் கிடையாது. 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 2018-இல் ஜீன்ஸ்களை அளந்து பார்த்தபோது, பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. பெண்களின் கை அந்த அளவுக்குச் சின்னதாக இருப்பதாகத் தெரியவில்லை.

உடம்புக்கும் அடையாளத்துக்கும் ஒத்துப்போகாத வலியை மருத்துவர்கள் ஜெண்டர் டிஸ்ஃபோரியா என்கிறார்கள். அதைக் கொஞ்சம் தணிக்கச் சிலர் உடலையே உடையால் திருத்துகிறார்கள். திருநம்பிகள் பலர் மார்பைத் தட்டையாகக் காட்ட பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடை அணிகிறார்கள். இதுபற்றி 1,800 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் அச்சில் வந்தது. பைண்டர் போடுவதால் ஏதாவது ஓர் உடல் தொந்தரவாவது உண்டு என்றவர்கள் 97 சதவீதத்துக்கும் மேல்: முதுகுவலி, மூச்சு முட்டல், சூடு, தோல் அரிப்பு இப்படி. அதே ஆட்கள், அதைப் போட்டபின் மனசு லேசானது, தன்னம்பிக்கை வந்தது என்றும் சொன்னார்கள். வலிக்கும் என்று தெரிந்தே போடுகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம், காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணியைக் கொண்டு மார்பைக் கட்டவே வேண்டாம் என்பவை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கைகள். கடைசி எச்சரிக்கை முக்கியம். பைண்டர் வாங்க வழியில்லாத, வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கவேண்டிய இளம் வயதினர்தான் பேண்டேஜ் பக்கம் போகிறார்கள்.

ஒரு சின்ன விலகல். உடை மனதை மாற்றும் என்பதற்கு 2012-இல் வெளிவந்த ஒரு சோதனையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்: மருத்துவரின் வெள்ளைக் கோட்டு அணிந்தவர்களுக்குக் கவனம் கூடியதாம். 2019-இல் வேறொரு குழு அதில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. எனவே 'அறிவியலே நிரூபித்துவிட்டது' என்று நான் எழுதப்போவதில்லை. தனக்குப் பொருந்தும் உடையில் முதன்முதலாகத் தன்னைப் பார்த்தவர்கள் சொல்லும் நிம்மதிக்கு அந்தக் கோட்டின் சாட்சி தேவையும் இல்லை.

நிரூபி என்றபோது

பிரச்சினை பெரிதாவது உடையை அத்தாட்சியாகக் கேட்கத் தொடங்கும்போது. இதில் மருத்துவத்துறைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பாலின மாற்றச் சிகிச்சை வேண்டி வருகிறவர், முதலில் அந்தப் பாலினத்தவராக முழுநேரமும் வாழ்ந்து காட்டவேண்டும் என்பது பல பதிற்றாண்டுகளாக விதி. அதற்கு 'நிஜ வாழ்க்கைச் சோதனை' என்றே பேர். இத்துறையின் உலகளாவிய மருத்துவ நெறிமுறைகளில், 2011-இல் வந்த ஏழாம் பதிப்பிலும் பிறப்புறுப்பு அறுவைக்கு முன் 12 மாதம் அப்படி வாழ்ந்திருக்கவேண்டும் என்று இருந்தது. 2022-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அந்தக் கட்டாயம் போனது.

விதியின் நோக்கம் அவசரப்பட்டு யாரும் பிறகு வருந்தக் கூடாது என்பதாக இருக்கலாம். நடைமுறையில் என்ன ஆனது? 'பெண்ணாக வாழ்வது' என்றால் என்ன என்று முடிவு செய்தது எதிரே உட்கார்ந்திருந்த மருத்துவர். ஜீன்ஸ் போட்டு வந்த திருநங்கையைச் சந்தேகத்தோடு பார்த்த மருத்துவர்கள் இருந்தார்கள். அதே வரவேற்பறையில் ஜீன்ஸ் போட்டு உட்கார்ந்திருந்த பெண் ஊழியரை யாரும் சந்தேகப்படவில்லை. ஆகவே திருநங்கைகள் பாவாடை, மேக்கப், குதிகால் செருப்பு என்று முழு அலங்காரத்தோடு போய் நின்றார்கள். சிகிச்சைக்கு அனுமதிக்கும் சீட்டில் மருத்துவரின் கையெழுத்து வேண்டுமே. அப்புறம் அதையே காட்டி, 'இவர்கள் பெண்மையை வெறும் அலங்காரமாக நினைக்கிறார்கள்' என்ற விமர்சனமும் வந்தது. அலங்கரித்தால் கேலிச்சித்திரம், அலங்கரிக்காவிட்டால் போலி. இரண்டு பக்கமும் மூடிய இந்தச் சந்து இன்றும் அப்படியே இருக்கிறது, மருத்துவமனைக்கு வெளியிலும்.

நோயறிதல் கையேடுகள் கொஞ்சம் தெளிந்திருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பெரியவர்களுக்கான அளவுகோல்களில் உடையைக் குறிப்பிடவே இல்லை. குழந்தைகளுக்கானதில் உடை இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: எட்டு அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்கவேண்டும், அதில் முதலாவது, அதாவது தான் மற்ற பாலினம் என்ற வலுவான விருப்பமோ வற்புறுத்தலோ, இருந்தே ஆகவேண்டும். முந்தைய பதிப்பில் இந்தக் கட்டாயம் கிடையாது. உடை, விளையாட்டு, தோழமை இவற்றை வைத்தே ஒரு குழந்தையை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வழக்கத்துக்கு மாறான நடத்தையும் விருப்பங்களும் மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று அது நேராகவே சொல்கிறது.

பெற்றோர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. நான்கு வயதுப் பையன் அக்காவின் கவுனைப் போட்டுக்கொண்டு சுற்றினால் அதற்கு அர்த்தம், அவனுக்கு அந்தக் கவுன் பிடித்திருக்கிறது என்பதுதான். பளபளப்பு பிடித்திருக்கலாம், சுற்றினால் விரிவது பிடித்திருக்கலாம், அக்காவைப் பிடித்திருக்கலாம். நாளைக்கே அவன் திருநங்கை என்று தீர்மானிப்பதும் அவசரம், அடித்துக் கழற்றுவதும் அவசரம். 'நான் பெண்தான்' என்று ஒரு குழந்தை மாறாமல், வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் கேட்கவேண்டியது குழந்தை சொல்வதை.

ஜூடித் பட்லர் என்ற தத்துவவாதியின் பேரைச் சொல்லி, 'பாலினம் என்பது உடை மாற்றுவதுபோல' என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பாலினம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாவது என்று பட்லர் 1990-இல் எழுதினார். அதைப் படித்தவர்கள், காலையில் அலமாரியைத் திறந்து பிடித்த பாலினத்தை எடுத்து மாட்டிக்கொண்டு ராத்திரி திரும்ப மடித்து வைத்துவிடலாம் என்று புரிந்துகொண்டார்கள். தான் சொன்னது அதுவல்ல என்று பட்லரே 1993-இல், இதே அலமாரி உதாரணத்தைச் சொல்லி மறுத்தார். முப்பது வருஷம் ஆகியும் மறுப்பு பலரைப் போய்ச் சேரவில்லை.

சட்டத்தின் கை

அரசுகள் உடையைச் சும்மா விட்டதில்லை. பாரிஸ் காவல்துறை 1800 நவம்பரில் போட்ட ஆணைப்படி, ஆணைப்போல உடுத்த விரும்பும் பெண் காவல் நிலையத்தில் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். ரோசா போனர் என்ற புகழ்பெற்ற ஓவியர் 1857-இல் அப்படி வாங்கிய சீட்டு இன்றும் இருக்கிறது: உடல்நலக் காரணம் காட்டி, ஆறு மாதத்துக்கு. 1892-இலும் 1909-இலும் கொஞ்சம் தளர்த்தினார்கள். கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிள் கைப்பிடியோ இருந்தால் பேன்ட் போடலாம். அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் முறையாக அறிவித்தது 2013-இல்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரம் 1848-இல், தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுவதைக் குற்றமாக்கியது. பிறகு பல நகரங்கள் அதே வழியில் போயின. 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கொலம்பஸ் சட்டத்தைத் தள்ளியது. அது தெளிவற்றது, இன்னது இன்னாருக்கு உரிய உடை என்று ஒரு சாதாரண ஆள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பது காரணம். ஜெர்மனியில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் சுமார் 1909 முதல் பெர்லின் காவல்துறையோடு பேசி, இன்னார் ஆண் உடை, இன்னார் பெண் உடை அணிபவர் என்று காவல்துறைக்குத் தெரியும் எனச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்தார். கைது செய்யாமல் இருக்க ஒரு காகிதம். அவர் 1919-இல் தொடங்கிய ஆய்வு நிலையத்தை நாஜிகள் 1933 மே மாதம் சூறையாடி நூல்களைக் கொளுத்தினார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கவேண்டாம். தென் அமெரிக்காவின் கயானாவில், காலனி காலத்து 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், முறையற்ற நோக்கத்தோடு பெண் உடை அணிந்ததாகச் சிலரை 2009-இல் கைது செய்து தண்டித்தார்கள். கரீபிய நீதிமன்றம் 2018 நவம்பரில்தான் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இப்போது அலுவலகத்துக்கு வருவோம். ஆன் ஹாப்கின்ஸ் திருநங்கை அல்லர்; பெரிய கணக்கு நிறுவனம் ஒன்றில் திறமையான ஊழியர். 1982-இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். பதவி கிடைக்கவில்லை. பெண்ணைப்போல நட, பேசு, உடுத்து, மேக்கப் போடு, முடியை அழகுபடுத்து, நகை போடு என்று அவருக்கு அறிவுரை கிடைத்தது. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து வேலையில் பாதிப்பதும் பாலினப் பாகுபாடுதான் என்றது. பின்னால் திருநங்கைகளின் வழக்குகளுக்கு இது அடிக்கல் ஆனது.

அதில் ஒன்று ஏமி ஸ்டீபன்ஸ் வழக்கு. மிச்சிகனில் ஒரு இறுதிச்சடங்கு நிறுவனத்தில் 2007 முதல் ஆணாக வேலை செய்தவர். 2013 கோடையில் முதலாளிக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார்: விடுமுறை முடிந்து திரும்பும்போது தன் உண்மையான அடையாளத்தோடு, ஏமியாக, அலுவலகத்துக்கு ஏற்ற உடையில் வருவேன் என்று. ஏற்ற உடை என்றதைக் கவனியுங்கள். அங்கே ஆண்களுக்குக் கோட்டும் பேன்ட்டும் கொண்ட சூட், பெண்களுக்குப் பாவாடையும் கோட்டும் என்று விதி. அந்த விதியை மீறுவேன் என்று அவர் சொல்லவே இல்லை. பெண்களுக்கான விதியைப் பின்பற்றுகிறேன் என்றுதான் சொன்னார். இரண்டு வாரத்தில் வேலை போனது. இனி ஆணாக வரமாட்டேன், பெண் உடை உடுத்துவேன் என்றதுதான் காரணம் என்று முதலாளியே வாக்குமூலத்தில் சொன்னார். வழக்கில் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது: அங்கே ஆண்களுக்கு சூட்டை நிறுவனமே வாங்கிக்கொடுத்தது, பெண்கள் தங்கள் செலவில் வாங்கிக்கொண்டார்கள். 2020 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஸ்டீபன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் மே மாதமே இறந்துவிட்டார். இத்தனை தூரம் வந்தும், ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று உடை விதி வைப்பது சரியா என்ற கேள்வி இப்போது எங்கள் முன் இல்லை என்று தீர்ப்பு ஒதுங்கிக்கொண்டது.

ஒரு வழிப் பாதை

பெண்கள் பேன்ட் போட்டால் இன்று பல இடங்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண் பாவாடை கட்டினால் தெருவே திரும்பும். 1851-இல் அமெலியா புளூமர் தளர்ந்த கால்சட்டையைப் பெண்களுக்குப் பரிந்துரைத்தபோது பத்திரிகைகள் கேலி செய்தே அவரையும் தோழிகளையும் சில ஆண்டுகளில் பழைய பாவாடைக்குத் திருப்பி அனுப்பின. அந்தச் சண்டையைப் பெண்கள் பிறகு வென்றார்கள். ஆண்கள் பக்கம் அப்படி ஒரு சண்டை தொடங்கியதாகவே தெரியவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன்: பேன்ட் அதிகாரத்தின் உடை, அதைப் பெண் எடுத்தால் மேலே ஏறுகிறாள், பாவாடையை எடுக்கும் ஆண் இறங்குவதாகப் பார்க்கிறார்கள். தெருவில் திருநங்கைக்கு விழும் பார்வையும் பேச்சும், பல நேரங்களில் அடியும், இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. திருநம்பிக்கு வேறு தொல்லை. அவர் உடையை யாரும் கவனிப்பதே இல்லை. 'பையன் மாதிரி டிரஸ் பண்ற பொண்ணு' என்று எளிதாகக் கடந்துவிடுகிறார்கள், அடையாளத்தையும் சேர்த்து.

ஆண், பெண் இரண்டிலும் சேராதவர்களுக்கு, அதாவது நான்-பைனரி நபர்களுக்கு, இந்த ஒரு வழிப் பாதை இன்னொரு விதத்தில் முட்டுக்கட்டை. 'யூனிசெக்ஸ்' என்று போட்ட அலமாரியைத் திறந்து பாருங்கள்: தளர்ந்த டி-ஷர்ட், ஹூடி, நேர்வெட்டு பேன்ட். எல்லாமே ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தவை. பூப்போட்ட பாவாடையை அங்கே பார்க்க முடியாது. ஒல்லியான, வளைவில்லாத உடம்பில் ஆண் உடை போட்டால்தான் 'இரண்டிலும் சேராத' தோற்றம் என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. இடுப்பும் மார்பும் உள்ள நான்-பைனரி ஒருவர் அதே உடையைப் போட்டால் பெண் என்பார்கள். தாடி உள்ள நான்-பைனரி பாவாடை கட்டினால் வேடம் என்பார்கள்.

வேடம் என்றதும் ஒன்று. மேடையில் பெண்ணாக வருகிறவர், ஓய்வு நேரத்தில் எதிர்பால் உடை அணிந்து மகிழ்கிறவர், திருநங்கை, இந்த மூவரும் ஒருவரல்லர். முதலாமவருக்கு அது கலை, இரண்டாமவருக்கு விருப்பம். இருவரும் தங்களை ஆண் என்றே சொல்லக்கூடும். திருநங்கைக்குப் பெண் உடை வேடமே அல்ல. அவரைக் கேட்டால், வேடம் என்பது அதற்கு முன்னால் போட்டிருந்த சட்டை பேன்ட் என்பார்.

வேலைச் சீருடைகளில்தான் இப்போது ஏதோ நகர்கிறது. பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் 2022 செப்டம்பர் கடைசியில், சிவப்புச் சீருடையோ கரும்சிவப்புச் சீருடையோ, பாவாடையோ பேன்ட்டோ, எந்தப் பாலின ஊழியரும் விரும்பியதை அணியலாம் என்று அறிவித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இங்கிலாந்துக் கால்பந்து அணியை உலகக் கோப்பைக்காகக் கத்தாருக்கு ஏற்றிச்சென்ற அதே நிறுவனத்தின் விமானத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஊழியர்களின் பாதுகாப்புக்காக இந்தப் பயணத்தில் அந்த விதி பொருந்தாது என்றது நிறுவனம்.